பத்து நாள் இரவல் கேமரா

அந்தக் கேமரா ஒரு கறுப்பு அட்டைப்பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் துணிப்பை, துணிப்பைக்குள் கேமரா. இறக்குமதி நிறுவனத்து ஆள் ஒரு படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். பத்து நாள். கீறல் விழக்கூடாது, உப்புத்தண்ணீர் படக்கூடாது, பதினோராம் நாள் காலை அவர்களுடைய அலுவலகத்தில் திருப்பித் தந்துவிடவேண்டும்.

பத்திரிகை வேலை போய் எனக்கு அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. புகைப்படக்காரர்களுக்கான ஓர் இணைய இதழில் கேமராக்களையும் லென்ஸ்களையும் மதிப்பிட்டு எழுதுவதுதான் பிழைப்பு. அதன் ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கெட்டிக்காரி. கேமரா வந்த அன்றே போன் செய்தாள்.

"சார், இதுக்கு மயிலாப்பூர் தெருவெல்லாம் வேண்டாம். எல்லாரும் அதையே எடுக்கறாங்க. நீங்க பழவேற்காட்டுக்காரர்தானே? உங்க ஊருக்குப் போங்க. போட், வலை, முகங்கள். இந்தக் கேமராவுக்கு அந்த மாதிரி வாழ்க்கைதான் வேணும்."

நான் ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இடையில் அக்கா இரண்டு முறை வரச்சொல்லிப் பேசியிருந்தாள். இரண்டு முறையும் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். கேமரா போகச் சொன்னதும் மறுநாளே பொன்னேரிக்குப் போய் பழவேற்காட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பதினைந்து வயதில் என்னைக் கடலுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் வாந்தி எடுத்தேன். பத்தாம் நாளும் வாந்தி எடுத்தேன். மீனவன் வீட்டில் பிறந்தவனுக்கு இது பெரிய அவமானம். போட்டில் இருந்தவர்கள் கரைக்கு வந்து அதை நடித்துக் காட்டுவார்கள். "இவன் கடலுக்கு ஆவமாட்டான் நைனா, வுட்டுடு" என்று அப்பாவிடம் சண்டை போட்டு, பொன்னேரியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் என்னைச் சேர்த்துவிட்டவள் அக்காதான். அவளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். மாமா, அதாவது அக்காவின் புருஷன், கூட வந்து ஸ்டூடியோக்காரரிடம் பேசினார்.

மாமாவுக்கு ஒரு ஃபைபர் போட்டு இருந்தது. அவரோடு இன்னும் இரண்டு பேர் கடலுக்குப் போவார்கள். ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தைத் தாண்டித்தான் எங்கள் குப்பத்துப் போட்டுகள் வெளியே போகவேண்டும். மணல் மேடிட்டு அந்த வாய் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. மனு கொடுப்பார்கள். தோண்டுவார்கள். மறுபடி மூடிக்கொள்ளும்.

முதல் இரண்டு நாளும் அந்தக் கேமரா என்னைத் தோற்கடித்தது. கனமான பித்தளை உடம்பு. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. மற்ற கேமராக்களில் லென்ஸ் வழியாகத்தான் உலகத்தைப் பார்ப்போம். இதில் லென்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தனி ஜன்னல். அதன் நடுவில் ஒரு சின்னக் கட்டம். ஃபோகஸ் ஆகாதபோது அந்தக் கட்டத்துக்குள் எதுவும் இரண்டு இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டு உருவங்களும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் அழுத்தவேண்டும். நான் திருகி முடிப்பதற்குள் மீன் கூடையும் இறங்கிவிடும், கூடைக்காரியும் போய்விடுவாள்.

மாமா வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டு படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டிலும் பின்னால் கிடந்த வலை ஒவ்வொரு கண்ணியும் தெரியுமளவுக்குத் துல்லியமாக இருந்தது. மாமாவின் முகம் புகை மாதிரி கலைந்திருந்தது. ஆள் கூடவேதானே இருக்கிறார், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அழித்துவிட்டேன். கார்டில் இடம் இல்லாமல் இல்லை. மதிப்புரைக்குப் பயன்படாத படத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் மாமா கேமராவைக் கையில் வாங்கிக் கண்ணில் வைத்தார்.

"இன்னா மச்சான் இது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது? குடிக்காமயே குடிச்ச மாதிரி கீது."

லென்ஸில் அவர் விரலைப் பிடித்துத் திருகக் காட்டினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அட, இத்தத்தான நாங்களும் கடல்ல பண்றோம்! அங்க நின்னு கரைய பாத்தா லைட்டவுசு ஒரு பக்கம், செல்போன் டவரு ஒரு பக்கம் தெரியும். போட்ட நகத்தினு போனா ரெண்டும் கிட்ட கிட்ட வரும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சி நின்னுச்சின்னா நங்கூரத்த போடு. அதுக்குக் கீழதான் பாறை. மீனு அங்கதான் நிக்கும். ஜிபிஎஸ் வந்தாலும் நான் அத்தத்தான் நம்புவேன்."

அன்று மாலை அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால் என் மதிப்புரையில் எல்லோரும் எடுத்துக்காட்டிப் பாராட்டியது அந்தப் பத்தியைத்தான். 'கடலோடி இரு கரையடையாளங்களை ஒன்றாக்கி மீனிருக்கும் இடத்தைக் கண்டடைவதைப் போல' என்று எழுதியிருந்தேன். யார் சொன்னது என்று எழுதவில்லை.

நான்காம் நாள் காலை பழவேற்காட்டு மீன் ஏலத்தில் நின்று ஏலம் கேட்பவர்களின் கைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமரா அன்றைக்குத்தான் என் கைக்கு வசப்பட்டிருந்தது. கண்ணில் வைக்கும் முன்பே விரல் தூரத்தை அளந்துவிடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோது எங்கள் குப்பத்து ஆள் ஒருவர் டூவீலரில் வந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறுப்பா. உங்க மாமா போட்டு மொகத்துவாரத்துல கவுந்துச்சி."

மீன் பிடித்துத் திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து தூக்கி, போட்டின் மூக்கு மணல் மேட்டில் குத்திக் கவிழ்ந்திருக்கிறது. கூட இருந்த இருவரும் நீந்தி வந்துவிட்டார்கள். மாமா அவர்களைவிட நல்ல நீச்சல்காரர். போட்டின் விளிம்பு தலையில் அடித்திருக்கவேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து போட்டுகள் தேடிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள்.

கரையில் நான் படம் எடுக்கவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினேன். இதைச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

பொன்னேரியில் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்கு வர மூன்று மணி ஆகிவிட்டது. வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றி இடமே இல்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றி இருந்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்ததால் உள்ளே வந்த வெளிச்சம் நீலமாக, அடங்கி, அவளுடைய ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது.

நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். முதலில் அக்காவைப் பார்த்தேனா வெளிச்சத்தைப் பார்த்தேனா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் தெரியும். வெளிச்சத்தைத்தான். கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வெளிச்சம் குறைந்த அறைக்குள் எடுத்த படம் ஒன்றுகூட மதிப்புரைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பையிலிருந்து கேமராவை எடுத்தேன். ஜன்னல் ஓரம் நின்று திருகினேன். அக்காவின் இரண்டு முகங்களும் நெருங்கி வந்து ஒரு முகமாயின. அழுத்தினேன். இரண்டு அடி கிட்டே போய் மறுபடி அழுத்தினேன். மொத்தம் பதினோரு படம். ஒருவரும் திரும்பவில்லை. பிறகு வெளியே வந்து, ஆண்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னத் திரையில் படங்களைப் பார்த்தேன். முப்பது வருடத்தில் நான் எடுத்தவற்றில் அதைவிட நல்ல படம் இல்லை. அந்த நிமிடம் நான் துக்கத்தில் இல்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அடக்கம். அடுத்த மூன்று நாள் கூட இருந்தேன். பிறகு கேமராவைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிக் கிளம்பினேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திரும்பி வந்தேன். மாலை போட்டு வைக்க மாமாவின் படம் வேண்டும் என்றார்கள். வீட்டில் கல்யாண ஆல்பம் இருந்தது. அதில் அவருக்கு இருபத்தாறு வயது, மீசைகூடச் சரியாக இல்லை. உறவுக்காரர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் என்னிடம் திரும்பினார்.

"இன்னாப்பா, நீ பெரிய போட்டோகிராபரு. அந்த வாரம் பூரா கேமராவும் கையுமா இருந்தியே. உன்கிட்ட இல்லியா?"

என்னிடம் இல்லை. கடைசியில் மாமாவின் மீனவர் அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் வானநீலம் போட்டு, பொன்னேரியில் ஃப்ரேம் செய்து வந்தார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அதற்குத்தான் மாலை போட்டோம்.

மதிப்புரையை அதற்கு அடுத்த வாரம் எழுதினேன். கேமராவின் எடை, ஜன்னலின் தெளிவு, பேட்டரி, நிழல்களில் நிறம் நிற்கும் விதம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். குறைகளையும் எழுதினேன். எழுபது சென்டிமீட்டருக்குள் நெருங்கமுடியாது, கடற்காற்றுக்கு உடம்பில் தக்க பாதுகாப்பு இல்லை, அவசரக்காரர்களுக்கு உதவாது. அழுத்தும்போது ஷட்டர் சத்தமே எழுப்பாததைப் பற்றி இப்படி எழுதினேன்: 'ஒரு மரண வீட்டில் இதைச் சோதித்தேன். மூன்றடி தூரத்தில் நின்று பதினோரு படங்கள் எடுத்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. துக்கத்தில் இருந்த பெண்ணின் பார்வை எங்கோ தொலைவில் இருந்தது. கேமரா அங்கே இருந்ததாகவே அவள் அறியவில்லை.'

ஆசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"சார், இந்த அம்மாகிட்ட அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"குடும்பம்தான். பிரச்சினை இல்ல."

"யாரு சார் அவங்க?"

"என் அக்கா."

"சாரி சார்" என்றாள். பிறகு, "இந்தப் படத்தை முகப்பில் வைக்கலாமா?" என்று கேட்டாள். வைக்கலாம் என்றேன்.

கட்டுரை பரவியது. நான் எழுதியவற்றில் எதுவும் அப்படிப் படிக்கப்பட்டதில்லை. இறக்குமதி நிறுவனம் தன் கடைத் திறப்பு விழாவில் வைக்க அந்தப் படத்தை ஆளுயரத்துக்கு அச்சிடக் கேட்டது. அதற்கும் சரி என்றேன். விழாவுக்குப் போனேன். பழச்சாறு டம்ளரோடு மனிதர்கள் அக்காவின் முகத்துக்கு முன்னால் நின்று, நிழல் எவ்வளவு ஆழமாக இருக்கிறது பார் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் என் கையைக் குலுக்கி, "அந்த லென்ஸ் அதிகபட்சத் திறப்பில்கூட எவ்வளவு கூர்மை!" என்றார். நான் நன்றி சொன்னேன்.

இரண்டு வாரத்தில் அக்காவின் மகள் போன் செய்தாள். பொன்னேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, இது உன் அம்மா மாதிரி இருக்கிறதே என்று அந்தக் கட்டுரையை அனுப்பியிருக்கிறாள்.

"மாமா, அம்மா படத்த போட்டிருக்கியே, அம்மாவக் கேட்டியா?"

"கேக்கலம்மா. நான் நேர்ல வந்து சொல்லலாம்னு…"

"நான் படிச்சிக் காட்டிட்டேன்" என்றாள். "நீ வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். நண்பகல். அக்கா வீட்டுக்கு வெளியே தார்ப்பாயில் காய்ந்த நெத்திலியைக் கல்லும் குச்சியும் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் கை நிற்கவில்லை.

"பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. எல்லாத்தையும்."

"அக்கா, நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"யாரும் திரும்பிப் பாக்கலன்னு எழுதினியாமே?"

தார்ப்பாயிலிருந்து ஒரு குச்சியைப் பொறுக்கினேன்.

"நான் பாத்துனுதான இருந்தேன்" என்றாள். "உன்னியத்தான் பாத்துனு இருந்தேன். ஜன்னலாண்ட நின்ன. ஜனம் வழி வுடல போலக்குது, அதான் நிக்கிறான், தோ வந்துடுவான்னு நெனச்சேன். அப்பால மூஞ்சிக்கு முன்னால அத்த வெச்ச. சரி, வேலக்காரன், கை சும்மா இருக்காதுன்னு நெனச்சேன். இன்னும் கிட்ட வந்த. இப்ப கீழ வெச்சிட்டு வந்து பக்கத்துல குந்துவான்னு பாத்தேன். நீ திரும்பி வெளிய பூட்ட."

"எனக்குத் தெரியலக்கா."

"சத்தமே இல்லியாம். எனக்குக் கேட்டுச்சிடா. டிக்கு டிக்குனு. அத்தினி பொம்பளைங்க அழுவறாங்க, எனக்கு அது ஒண்ணுதான் காதுல வுழுந்துச்சி."

நெத்திலியைக் கூடையில் அள்ளிப் போட்டாள். நான் அந்தப் படத்தைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"எட்த்துட்டா?"

அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"அவருக்கு உன்கிட்ட ஒரு படம் இல்ல. எனக்கு மட்டும் பதினொண்ணு எடுத்திருக்க."

அன்று மாலையே ஆசிரியரிடம் பேசினேன். படத்தை எடுத்துவிட்டால் கட்டுரையே நிற்காது என்றாள். அப்படியானால் ஒரு திருத்தமாவது போடு, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தேன். படத்தில் இருப்பவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஷட்டரின் சத்தத்தை அவர் கேட்டார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று நான் எழுதியது தவறு. மூன்று வரிதான். இரண்டு நாள் கழித்துக் கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது: 'அமைதியான அறைகளில் ஷட்டர் ஒலி சிறிதளவு உணரப்படலாம்.' கடையில் இருந்த பெரிய படத்தைக் கேட்டேன். அதை யாரோ வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார் என்றார்கள். யார் என்று சொல்லவில்லை. எந்த ஊரில், யார் வீட்டு ஹாலில் அக்கா இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

கேமரா மதிப்புரை எழுதுவதை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு அதிகமான கேமராக்கள் வந்தன. நல்ல நல்ல கேமராக்கள். அந்தப் பதினோரு படங்களும் என் கணினியில் இருக்கின்றன. ஏழாவது படத்தில் அக்கா நேராக லென்ஸைப் பார்க்கிறாள். முன்பு ஒருநாளும் எனக்கு அது அப்படித் தெரியவில்லை. இப்போது வேறு எப்படியும் தெரியவில்லை. அழிக்கவேண்டும் என்று இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றரை வருடம் கழித்து அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. அக்காவே போன் செய்தாள். தேதி, மண்டபம், தாய்மாமன் சீர் எல்லாம் சொன்னாள். கடைசியில், "கேமரா எடுத்துனு வராத. ஆள் சொல்லியாச்சி" என்றாள். சரி என்றேன்.

பொன்னேரியில் கல்யாணம். என் குடும்பத்தில் நடந்த விசேஷங்களில் நான் வெறுங்கையோடு நின்றது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மடக்கிக் கட்டினேன், பின்னால் கட்டினேன், பாக்கெட்டில் விட்டேன். தாலி கட்டும்போது அக்கா மேடைக்கு வரவில்லை. புருஷனை இழந்தவள் வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும், அல்லது அவளே நின்றிருக்கவேண்டும். மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு தூணோரமாக நின்று பார்த்தாள். நான் இருந்த இடத்திலிருந்து அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று நினைத்தேன். நாலு எட்டு வைத்தேன். அவள் என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பந்தி நடக்கும் இடத்துக்குப் போய்விட்டாள்.

குடும்பப் படம் எடுக்கும்போது மகள் பிடிவாதமாக அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். போட்டோகிராபர் இளைஞன். கெட்டிக்காரன்தான். ஆனால் விளக்கைத் தவறான பக்கம் வைத்திருந்தான், எல்லோர் முகமும் வெளுத்துப்போயிருக்கும். சொல்லலாமென்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. "ஓரத்துல நிக்கிற சார், கொஞ்சம் உள்ள வாங்க, கட் ஆவுது" என்றான். உள்ளே தள்ளி நின்றேன். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் இருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபோது அக்கா தாம்பூலப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்கா."

"பஸ்ஸு பூடும். கெளம்பு."

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மண்டபத்துக்கு எதிர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் நின்றேன்.